எது முதலில் வந்தது?

சின்னப் பிள்ளைகளுக்குத் தலையிடி வராது என்பது எங்கள் பக்கத்தில் பலருடைய நம்பிக்கை. வந்தால் அதற்கு வேறு காரணம் இருந்தாக வேண்டும்: வெயிலில் திரிந்தது, காலையில் சாப்பிடாமல் போனது, கைத்தொலைபேசியை நோண்டியது, கணக்குப் பாடத்துக்குப் பயந்தது. என் சிறுவயதில் வன்னியில் பிள்ளைக்குத் தலையிடி என்றால் மலேரியா என்று வீட்டிலேயே முடிவு கட்டிவிடுவார்கள். அது பெரும்பாலும் சரியாகவும் இருந்தது. விரலில் குத்தி இரத்தம் எடுத்து, கசக்கும் குளோரோகுயின் குளிசையைத் தந்து, போர்த்துப் படுக்க வைப்பார்கள். 2012 ஒக்டோபரோடு இலங்கையில் உள்ளூர் மலேரியா ஓய்ந்துவிட்டது. 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாட்டுக்கு மலேரியா அற்ற நாடு என்ற சான்றையும் கொடுத்துவிட்டது. மலேரியா போன பிறகும் பிள்ளைகள் நெற்றியைப் பிடித்துக்கொண்டு வாங்கில் கவிழ்கிறார்கள். இப்போது அதற்குக் காரணம் சொல்ல முடியாததால் "கள்ளம்" என்கிறோம்.

நான் முல்லைத்தீவு மாவட்டத்தில் ஆரம்பப் பிரிவு ஆசிரியை. வைத்தியம் படித்தவள் அல்ல. என் பெறாமகனுக்கு, அதாவது தங்கையின் மகனுக்கு, வந்த ஒரு வருத்தத்தின் பின்னால் வைத்தியசாலைகளுக்கு அலைந்தபோது கேட்டதையும், வீட்டுக்கு வந்து தேடிப் படித்ததையும் எழுதுகிறேன். அவனைச் சின்னவன் என்றே குறிப்பிடுகிறேன். வீட்டிலும் அதுதான் அவன் பெயர்.

பள்ளி வயதுப் பிள்ளைகள் நூறு பேரில் ஏழு எட்டுப் பேருக்கு மைக்ரேன், அதாவது ஒற்றைத் தலைவலி, உண்டு என்கிறது பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கணக்கு. முப்பது பிள்ளைகள் இருக்கும் ஒரு வகுப்பில் இரண்டு பேர். பருவமடையும் முன்னர் பையன்களுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் ஏறத்தாழ ஒரே அளவில் வருகிறது. பிறகுதான் பெண்பிள்ளைகளுக்குக் கூடுகிறது. பெரியவர்களுக்கு வருவதுபோல ஒரு பக்கம்தான் இடிக்க வேண்டும் என்றில்லை, நெற்றி முழுவதும் இடிக்கலாம். நாள் முழுக்க நீடிக்க வேண்டும் என்றும் இல்லை. இரண்டு மணித்தியாலம் சுருண்டு கிடந்து, வாந்தி எடுத்து, தூங்கி எழும்பி, பின்னேரம் துடுப்பைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவான். அந்த ஓட்டமே அவனுக்கு எதிரான சாட்சியாகிவிடுகிறது. "காலையில் சாகப்போகிறவன் மாதிரிக் கிடந்தாயே, இப்போது மட்டும் எப்படி ஓடுகிறாய்?" என்று கேட்காத வீடு எங்கே இருக்கிறது?

இதுவரை சொன்னது சாதாரண மைக்ரேன். நான் எழுத வந்தது தலையிடிக்கு முன்னால் கை விழுந்துபோகிற, பேச்சுக் குழம்புகிற, பெற்ற தாயையே யாரென்று கேட்க வைக்கிற வகைகளைப் பற்றி. முன்பு இவற்றை எல்லாம் ஒன்றாகச் சேர்த்துச் சிக்கலான மைக்ரேன் என்றார்கள். இன்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பிரித்திருக்கிறார்கள்.

சின்னவனுக்கு அப்போது ஒன்பது வயது, தரம் நான்கு. தவணை தொடங்கப் போகிற நேரம். தங்கை வீட்டு முற்றத்தில் வேம்பின் கீழ் பாய் விரித்து நானும் அவனும் கொப்பிகளுக்கு மண்ணிறத் தாளில் உறை போட்டுக்கொண்டிருந்தோம். வலது கைச் சுண்டுவிரலை இடது கையால் பிடித்துப் பார்த்துவிட்டு, "பெரியம்மா, இந்த விரல் செத்துப்போய்விட்டது" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். பாடவேளை முடிந்துவிட்டதா என்று பார்த்துப் பார்த்து ஆசிரியர்களுக்கு வந்துவிடுகிற பழக்கம் அது, வேறு காரணம் இல்லை. இரண்டு மணி பத்து நிமிடம். கொஞ்சத்தால் கத்தரிக்கோல் அவன் கையிலிருந்து நழுவியது. எடுத்துக் கொடுத்தேன், மறுபடியும் நழுவியது. விறைப்பு மணிக்கட்டுக்கு ஏறி, முழங்கைக்கு ஏறி, அங்கிருந்து தோளைத் தொடாமலே உதட்டோரத்துக்கும் நாக்குக்கும் தாவியது. அப்போது இரண்டரை ஆகியிருந்தது. தண்ணீர்க் குடத்தைக் கண்ணால் காட்டி "கதிரை, கதிரை" என்றான். தான் சொல்வது பிழை என்பது அவனுக்கும் தெரிந்தது. அந்த முகத்தை நான் மறக்கவில்லை: சரியான சொல்லைத் தேடுகிறான், கையில் அகப்படுவது வேறொன்றாக இருக்கிறது. பிறகு கை தொங்கியது, எழும்ப முயன்றபோது வலது கால் இழுபட்டது. அதற்கும் பிறகுதான் தலையிடி, வாந்தி, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் அழுகை எல்லாம்.

அயல் முழுவதும் கூடிவிட்டது. எங்கள் அம்மா, நேற்றுப் பிறந்தநாள் வீட்டில் யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்து நாவூறு கழிக்கத் தொடங்கினார். பக்கத்து வீட்டு அக்கா வலிப்பு என்று சொல்லி இரும்புத் திறப்பைக் கையில் திணித்தார். அந்தக் கையோ எதையும் பிடிக்க முடியாத கை. வேலியோரம் வயலுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு ஐயா மட்டும் குனிந்து பிள்ளையின் கால் விரல்களுக்கு இடையில் பார்த்தார். பாம்பு தீண்டியிருக்குமோ என்று பார்க்கிறேன் பிள்ளை என்றார். மூன்று பேரில் அவருக்குத்தான் என் மதிப்பு. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

1990க்கு அழைத்தோம். அந்த இலவச அம்புலன்ஸ் சேவை 2016இல் தெற்கிலும் மேற்கிலும் தொடங்கி 2018 ஜூலையில்தான் வடக்குக்கு வந்தது. அதற்கு முன்னர் எங்கள் ஊரில் இப்படி ஒன்று நடந்தால் ஓட்டோவோ உழவு இயந்திரப் பெட்டியோதான் கதி. அம்மா வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைத்ததும் அம்புலன்ஸுக்குள் இருந்தபடிதான். நேர்த்தி வைப்பதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. ஏறி இருந்துவிட்டு வைக்கட்டும் என்பதே என் கட்சி.

வெளிநோயாளர் பிரிவில் இருந்த இளம் வைத்தியர் ஒரே ஒரு கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார்: "எது முதலில் வந்தது?" நாங்கள் எல்லோரும் ஒன்றாகப் பதில் சொன்னோம். தங்கை தலையிடியிலிருந்து தொடங்கினாள், ஏனென்றால் அவள் குசினியிலிருந்து ஓடிவந்தபோது அவன் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தான். அம்மா பிறந்தநாள் வீட்டிலிருந்து தொடங்கினார். வைத்தியர் பொறுமையாக மறுபடியும் கேட்டார். விரல், மணிக்கட்டு, முழங்கை, உதடு, பேச்சு, பிறகு கை கால், பிறகு தலையிடி என்று நான் நேரத்தோடு சொன்னேன். "விறைப்பு மெல்ல ஏறியதா, ஒரேயடியாக வந்ததா?" மெல்ல ஏறியது. "முதலில் விறைப்பா, முதலில் பலம் போனதா?" விறைப்பு. "கை உதறியதா, கண் மேலே சொருகியதா?" இல்லை. அவர் எழுதிக்கொண்டார். அந்தக் கேள்விகளுக்குள் எவ்வளவு வைத்தியம் இருந்தது என்பது எனக்குப் பின்னர்தான் புரிந்தது.

பெரியவர்களுக்கு வருகிற பாரிசவாதத்தில் மூளைக்குப் போகும் இரத்தம் ஓரிடத்தில் அடைபடுகிறது, அல்லது குழாய் வெடிக்கிறது. கை கால் அந்தக் கணத்திலேயே விழுகிறது. வலிப்பில் மின்சாரம் தறிகெட்டு ஓடுகிறது. உதறலோ விறைப்போ பரவினால் நொடிக்கணக்கில் பரவும். மைக்ரேனில் நடப்பது இவற்றைவிட மிக மெதுவானது. மூளையின் மேற்பரப்பில் ஓர் அலை எழுந்து, நிமிடத்துக்கு ஏறத்தாழ மூன்று மில்லிமீற்றர் வேகத்தில் ஊர்ந்து போகிறது. அது கடக்கும் இடத்து நரம்புக் கலங்கள் முதலில் துடித்துப் பிறகு சிறிது நேரம் அடங்கிவிடுகின்றன. கார்ல் லாஷ்லி என்ற அமெரிக்க உளவியலாளர் தன் கண்ணில் தோன்றிய பல்பல்லான வெளிச்சக் கோடு நகர்ந்த விதத்தைத் தானே வரைந்து கணக்குப் போட்டு இந்த வேகத்தை 1941இல் எழுதினார். 1944இல் பிரேசில் நாட்டவரான அரிஸ்ரிடிஸ் லெயாவோ முயலின் மூளையில் அப்படி ஊர்கிற ஓர் அடக்க அலையைக் கண்டு எழுதினார். இரண்டும் ஒன்றுதான் என்று மற்றவர்கள் கண்டுகொள்ளப் பல ஆண்டுகள் பிடித்தன. சின்னவனின் விரலிலிருந்து உதட்டுக்கு ஏறிய இருபது நிமிடமும் அந்த அலை நடந்த நேரம். தோளைத் தொடாமல் உதட்டுக்குத் தாவியதற்கும் விளக்கம் இருக்கிறது: மூளையின் மேற்பரப்பில் கைக்கும் முகத்துக்கும் உரிய பகுதிகள் அடுத்தடுத்து இருக்கின்றன. உடம்பில் தூரமாக இருப்பவை அங்கே பக்கத்து வீடுகள்.

ஆகவே மெதுவாக ஏறுவது, ஓர் அறிகுறி ஓயும்போது அடுத்தது தொடங்குவது, ஒவ்வொன்றும் ஐந்து நிமிடத்திலிருந்து ஒரு மணித்தியாலம்வரை நிற்பது, பின்னால் தலையிடி வருவது, இந்த வரிசை மைக்ரேனின் பக்கம் கை காட்டுகிறது. பலவீனம் சேர்ந்து வருகிற வகையில் மட்டும் அது மணித்தியாலக் கணக்கிலும், சிலருக்கு மூன்று நாள்வரையிலும் நிற்கும். அரிதாக அதற்கு மேலும் இழுபடும். மிக அரிய வருத்தம் இது. டென்மார்க்கில் எடுத்த கணக்கில் பத்தாயிரம் பேருக்கு ஒருவர்.

இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் மணிக்கூட்டைப் பார்த்து மைக்ரேன் என்று முடிவு செய்து பிள்ளையைப் பாயில் படுக்க வைக்கக் கூடாது. பிள்ளைகளுக்கும் பாரிசவாதம் வரும், சிலவேளை தலையிடியோடும் வரும். வலிப்பு வந்து போன பின் ஒரு கை சில மணித்தியாலம் விழுந்து கிடப்பதும் உண்டு. தூக்கத்தில் வலிப்பு வந்தால் அதை யார் கண்டது? முதல்தடவை கை விழுந்தால், பேச்சுக் குழறினால், ஆள் தெரியாமல் பேசினால், அந்த நிமிடமே வைத்தியசாலை. மைக்ரேன் என்பது மற்ற எல்லாவற்றையும் பார்த்துக் கழித்த பிறகு, இரண்டாம் மூன்றாம் தடவையும் இதே வரிசையில் வந்து முழுமையாகச் சுகமானதைக் கண்ட பிறகு, வைத்தியர் வைக்கிற பெயர். முதல்நாள் இரவே அந்தப் பெயரைச் சொல்லி வீட்டுக்கு அனுப்பியிருந்தால் எனக்குப் பயமாக இருந்திருக்கும்.

இப்போது பாம்புக்கு வருகிறேன். கட்டுவிரியன், எங்கள் பக்கத்தில் எண்ணெய் விரியன் என்பார்கள், இரவில் வீட்டுக்குள் வந்து தரையில் பாய் போட்டுத் தூங்குகிறவர்களைத் தீண்டும். பெரிதாக வலிக்காது, வீக்கமும் இராது, பல் பட்ட இடத்தைத் தேடினாலும் அகப்படாமல் போகலாம். பிள்ளை விடியற்புறம் வயிற்று வலி என்று எழும்பும், வாந்தி எடுக்கும், பிறகு இமைகள் சரியும், பார்வை இரண்டாகத் தெரியும், விழுங்க முடியாமல் போகும், கடைசியில் மூச்சு நிற்கும். வயிற்று வலியும் வாந்தியுமாக வருகிற மைக்ரேனும் பிள்ளைகளுக்கு உண்டு. ஒரு கண்ணிமை மட்டும் சரிந்து, அந்தக் கண்ணைச் சுற்றி வலித்து, பார்வை இரண்டாகிற வருத்தத்தையும் முன்பு மைக்ரேனில் சேர்த்திருந்தார்கள். இப்போது அது கண் நரம்பின் தனி வருத்தம் என்று பிரித்துவிட்டார்கள். வெளிநாட்டுப் புத்தகங்களில் சரிந்த இமைக்குக் காரணங்கள் பட்டியலாக இருக்கும்; பாம்பு எங்கேயோ அடியில் கிடக்கும், அல்லது இருக்கவே இருக்காது. வன்னியில் அதை மேலே தூக்கி எழுதிக்கொள்ள வேண்டும். மாரி தொடங்குகிற காலத்தில், தரையில் தூங்கிய பிள்ளை இமை சரிந்து எழும்பினால் அது பாம்பு. இல்லை என்று வைத்தியசாலை சொல்லட்டும். மலேரியா காலத்தில் தந்த நுளம்பு வலையைப் பலர் மரக்கறிப் பாத்திக்கு மூடிவிட்டார்கள். பாயின் கீழ் ஓரத்தைச் செருகிப் போட்ட வலை நுளம்பையும் தடுக்கும், விரியனையும் தடுக்கும்.

வயலுக்கு அடிக்கிற மருந்தும் அப்படித்தான். வாயால் எச்சில் வடிய, வியர்த்துக் கொட்ட, கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கி, மயங்கிக் கிடக்கும் பிள்ளையைப் பார்த்தால் மைக்ரேன் பற்றிய நினைப்பே வரக் கூடாது. காய்ச்சலும் கழுத்து விறைப்பும் சேர்ந்த தலையிடி, நாளுக்கு நாள் கூடிக்கொண்டு போகிற தலையிடி, தூக்கத்திலிருந்து எழுப்புகிற தலையிடி, தினமும் விடிந்ததும் வாந்தி, நடை தள்ளாடுவது, இருமினால் தலை வெடிப்பது, புதிதாக மாறுகண் விழுவது, இவையும் வேறு கதை. இவற்றுக்கு நாள் பார்க்க வேண்டாம்.

குழம்பிப் போகிற வகையைப் பற்றி ஆசிரியர்களுக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டும். 1970இல் காஸ்கோன், பார்லோ என்ற இரண்டு வைத்தியர்கள் பிள்ளைகளில் இதை விவரித்து எழுதினார்கள். நன்றாக இருந்த பிள்ளை திடீரென்று இடம் தெரியாமல், கேட்டதையே கேட்டு, தொட்டால் சீறி, கண்டபடி பேசி, சில மணித்தியாலம் வேறொரு ஆளாகிவிடும். தூங்கி எழும்பினால் சரியாகிவிடும்; நடந்தது ஒன்றும் ஞாபகம் இராது. சிலருக்குத் தலையில் சிறிதாக அடிபட்ட பின் இது வருகிறது. எங்கள் பாடசாலைகளில் ஒரு பெண்பிள்ளைக்கு இப்படி வந்தால் என்ன நடக்கும் என்பது உங்களுக்கே தெரியும். மத்தியானத்துக்குள் "பேய் பிடித்துவிட்டது" என்று ஊருக்குச் செய்தி போய்விடும், அன்று மாலையே நூல் கட்ட ஆள் பிடிப்பார்கள். தூங்கி எழும்பியதும் பிள்ளை தெளிந்திருப்பதால் கட்டியவருக்குப் பெயரும் கிடைக்கும். மூளைக் காய்ச்சலாக இருந்தால் அந்த ஓர் இரவு போதும் பிள்ளையை இழக்க.

இன்னொன்று மூளையின் அடித்தண்டோடு சேர்ந்தது. பிக்கர்ஸ்ராஃப் என்ற ஆங்கில நரம்பியல் வைத்தியர் 1961இல் எழுதினார். தலை சுற்றல், காதில் இரைச்சல், இரண்டு இரண்டாகத் தெரிவது, நாக்குத் தடிப்பது, நிலை தவறுவது. பதின்ம வயதுப் பெண்பிள்ளைகளில் கூடுதலாகக் கண்டார். காலை ஒன்றுகூடலில் விழுகிற பிள்ளைகள் எல்லோரும் காலைச் சாப்பாடு இல்லாமல் விழுகிறவர்கள் அல்ல என்பதற்கு இது போதும். பொருள்கள் எறும்பளவு சிறுத்தும் யானையளவு பெருத்தும் தெரிகிற வகையும் உண்டு. என் வகுப்பில் ஒரு பெண்பிள்ளை, கரும்பலகை தூரத்துக்குப் போய்க்கொண்டே இருக்கிறது என்று பயந்து சொன்னாள். கண்ணாடிக்கு எழுதி அனுப்புவதோடு நிறுத்தாமல், பிறகு தலை இடித்ததா என்றும் அவளிடம் கேட்டுக்கொண்டேன். இடித்திருந்தது.

சின்னப் பிள்ளைக்கு இதையெல்லாம் சொல்ல வார்த்தை இராது; வரையச் சொல்லுங்கள். 2002இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவ இதழொன்றில், தலையிடி வந்த பிள்ளைகள் வரைந்த படங்களை மட்டும் பார்த்தே மைக்ரேனைப் பெரும்பாலும் சரியாக இனங்காண முடிந்தது என்று ஓர் ஆய்வு வந்தது. சின்னவன் வைத்தியசாலைக் கட்டிலில் இருந்து வரைந்த படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. தன் அம்மாவின் முகம், அதில் இடது பாதி சரி, வலது பாதியில் அரிவாள் பல் போலக் கோடுகள், அதற்கு அப்பால் ஒன்றுமில்லை. விரல் விறைக்க முன்னர் கொப்பியில் ஒரு மூலை காணாமல் போனதை அவன் சொல்லவே இல்லை. படத்தில்தான் தெரிந்தது. வரிசையில் முதலாவது விரல் என்று நான் வைத்தியருக்குச் சொன்னதற்கு முன்னால் இன்னொன்று இருந்திருக்கிறது.

யாழ்ப்பாணத்துக்கு மாற்றினார்கள். கொடுத்துவிட்ட தாளில் "வலது பக்கப் பலவீனம், வாந்தி" என்ற அளவில்தான் இருந்தது; மணிக்கணக்கு இல்லை, ஏறிய வரிசை இல்லை. நெரிசலான வாட்டில் எழுதுகிறவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அங்கே மறுபடியும் முதலிலிருந்து சொன்னோம். அன்றிரவே சி.ரி. ஸ்கான் எடுத்தார்கள், இரத்தக் கசிவு இல்லை. அடுத்த நாள் மத்தியானம் கை திரும்பிவிட்டது.

பலமான காந்தத்தால் படம் எடுக்கிற எம்.ஆர்.ஐ. ஸ்கானுக்கு வேறொரு நாள் கொடுத்தார்கள். அறைக்குள் பிள்ளையோடு ஒருவர் நிற்கலாம். நிற்பவரிடமும் கேட்கிறார்கள்: உடம்பில் உலோகம் ஏதாவது இருக்கிறதா? வேறு ஊர்களில் இது சங்கிலியையும் காப்பையும் கழற்றுகிற கேள்வி. தங்கையின் தொடையில் 2009இலிருந்து ஒரு ஷெல் துண்டு இருக்கிறது. அவள் பதில் சொல்லாமல் என்னைப் பார்த்தாள். நான் காப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். வன்னியிலிருந்து பிள்ளையைக் கூட்டிப்போகிறவர்கள் துண்டு இல்லாத ஒருவரையும் கூட்டிப் போங்கள். இது பகிடிக்குச் சொல்வதல்ல.

குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்ததா என்பது அடுத்த கேள்வி. இந்த வகையில் அது வெறும் சம்பிரதாயக் கேள்வி இல்லை. பாரிசம் விழுகிற மைக்ரேன் சில குடும்பங்களில் பரம்பரையாக வருகிறது; அதற்குக் காரணமான மூன்று மரபணுக்களை 1996, 2003, 2005ஆம் ஆண்டுகளில் கண்டுபிடித்தார்கள். பழுதான அந்த மரபணு பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் அது பிள்ளைக்குப் போகப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. தங்கை இல்லை என்றாள். "அம்மா மாதத்தில் ஒருநாள் தலையில் துணியை இறுக்கிக் கட்டி, ஓடிக்கொலோன் பூசி, கதவைச் சாத்திக்கொண்டு படுப்பாரே" என்று நான் நினைவூட்டினேன். அது கபாலக்குத்து அல்லவா என்றாள் தங்கை. வைத்தியர் சிரித்துவிட்டு எழுதிக்கொண்டார். எனக்கும் அதே கபாலக்குத்துத்தான், கை விழாமல். தகப்பன் பக்கத்துக்கு வந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. சின்னவனின் அப்பம்மா முள்ளிவாய்க்காலில் செத்தார். அப்பப்பாவைப் பற்றி அதன் பிறகு தகவல் இல்லை. அவருக்குத் தலையிடி இருந்ததா, எப்போதாவது கை விழுந்ததா என்பதெல்லாம் பத்தொன்பது வயதில் தனித்துப்போன ஒரு பையனுக்கு எப்படித் தெரியும்? வைத்தியப் படிவத்தில் அந்தக் கட்டம் வெறுமையாக இருக்கிறது. இப்படி வெறுமையான கட்டங்கள் எங்கள் மாவட்டத்தில் எத்தனை கொப்பிகளில் இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன்.

மருந்து பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அது வைத்தியரின் வேலை. தலையிடி தொடங்கியதும் நிறைக்கு ஏற்ற அளவில் வலி மாத்திரை கொடுத்து, இருட்டான இடத்தில் படுக்கவிட வேண்டும். பொறுத்துப் பார்த்துக் கொடுத்தால் வேலை செய்யாது. ஐபுப்ரோபன் பிள்ளைகளுக்கு நன்றாகக் கேட்கிறது. ஆனால் காய்ச்சல் இருந்தால் அதைத் தொடக் கூடாது. டெங்குவாக இருந்தால் இரத்தப்போக்கை உண்டாக்கிவிடும். காய்ச்சலோடு வந்த தலையிடிக்குப் பனடோல் மட்டும். கடையில் வாங்கிக் கரைத்துக் கொடுக்கிற டிஸ்பிரின் பிள்ளைகளுக்கு எப்போதும் வேண்டாம், அஸ்பிரினால் ஈரலும் மூளையும் பழுதாகிற அபாயம் உண்டு. மைக்ரேனுக்கென்றே உள்ள ரிப்ரான் வகை மாத்திரைகள் இரத்தக் குழாயைச் சுருக்குபவை. கை விழுகிற வகைக்கும் மூளைத்தண்டு வகைக்கும் அவற்றைக் கொடுப்பதில்லை. வெளிநாட்டிலிருந்து அத்தை அனுப்பினார், மாமா அனுப்பினார் என்று கொடுத்துவிடாதீர்கள்.

வராமல் தடுக்கத் தினமும் கொடுக்கிற மருந்துகளைப் பற்றி 2017இல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு முடிவு வெளியானது. 8 முதல் 17 வயதுவரையான 361 பிள்ளைகளைச் சேர்த்து, சிலருக்கு அமிற்றிப்ரிலின், சிலருக்கு ரொப்பிராமேற், சிலருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை கொடுத்தார்கள். தலையிடி நாட்கள் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தவர்கள் முதலாவதில் நூற்றுக்கு 52, இரண்டாவதில் 55, வெறும் மாத்திரையில் 61. சின்னவனுடையது போன்ற அரிய வகைக்கு இதை அப்படியே பொருத்த முடியாது. அவனுக்கு என்ன கொடுப்பது என்பதை நரம்பியல் நிபுணர் தனியாகப் பார்க்கிறார். ஆனாலும் எல்லாப் பிள்ளைகளுக்கும் அவர் முதலில் எழுதுவது மருந்து அல்ல: நேரத்துக்குத் தூக்கம், காலைச் சாப்பாடு, தண்ணீர்.

தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சை இருக்கிற நாட்டில் இந்த மூன்றையும் எழுதிக் கொடுப்பது சுலபம். விடிய ஐந்தரைக்கு ரியூசன், அங்கிருந்து வெறும் தேநீரோடு பாடசாலை, இரண்டு மணிக்கு மறுபடியும் ரியூசன், சோளகக் காற்றில் செம்மண் புழுதி குடித்தபடி வெயிலில் சைக்கிள், இரவு பத்துமணிவரை மாதிரி வினாத்தாள். பிள்ளையின் தலையை இடிக்க வைக்க வேண்டும் என்று யாராவது உட்கார்ந்து திட்டம் போட்டிருந்தாலும் இதைவிடச் சிறப்பாகப் போட்டிருக்க முடியாது. சின்னவனைக் காலை வகுப்பிலிருந்து நிறுத்தினோம். வெட்டுப்புள்ளிக்கு மேலே வருவானா என்று இப்போதும் யாராவது தங்கையைக் கேட்கிறார்கள். இரவு ஒன்பது மணிக்குத் தூங்குகிறான் என்று அவள் பதில் சொல்கிறாள்.

அவனுடைய கிளினிக் கொப்பியின் பின்புறம் நாங்கள் ஒவ்வொரு தடவையும் எழுதுகிறோம்: எத்தனை மணிக்கு, முதலில் என்ன, எந்தப் பக்கம், எங்கிருந்து எங்கே போனது, எப்போது திரும்பியது, முதல்நாள் இரவு எப்போது தூங்கினான். முடிந்தால் கைத்தொலைபேசியில் ஒரு நிமிடக் காணொளி. முகம் தெரிய, இரண்டு கைகளையும் நீட்டச் சொல்லி. அழுகிற பிள்ளையைப் படம் பிடிக்கிறாயே என்று அம்மா என்னை ஏசுவார். அந்தக் காணொளியைக் கண்டதும் நிபுணர் கேட்க இருந்த கேள்விகளில் பாதியை விட்டுவிட்டார் என்று சொன்னால் அதற்கும் ஏசுவார். வகுப்பாசிரியரிடம் ஒரு தாள் கொடுத்திருக்கிறோம். அதில் பெரிதாக எதுவும் இல்லை: வெளிச்சம் குறைந்த இடத்தில் படுக்க விடுங்கள், தனியே விடாதீர்கள், தனியே வீட்டுக்கு அனுப்பாதீர்கள், நேரத்தைக் குறியுங்கள், வழமையாக வருகிற வரிசையில் இல்லாமல் ஏதாவது வந்தால் 1990.

மிச்சம் இருப்பது உதைபந்து. தலையில் சிறிதாக அடிபட்டாலும் சிலருக்கு இந்த மைக்ரேன் கிளம்பிவிடும். அந்த மரபணுக்களில் ஒன்று உள்ளவர்களுக்கு அது பாரதூரமாகவும் போகலாம். தலையால் பந்தை முட்டக் கூடாது என்று நிபுணர் சொல்லிவிட்டார். தலையால்தானே முட்டக் கூடாது, கோல் காப்பாளனாக நிற்கிறேன் என்று சின்னவன் அன்று பஸ்ஸிலேயே பேரம் பேசத் தொடங்கினான். தகப்பன் சம்மதித்துவிட்டார். கோல் கம்பத்தின் பக்கத்தில் நிற்கிறவனுக்குத்தான் மண்டை உடைகிற வாய்ப்புக் கூட என்று நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அடுத்த கிளினிக்கில் அதையும் கேட்பதாக இருக்கிறோம்.